பாதி சிலிண்டர்

ஜனவரி 9

இன்று எரிந்தது. ஓடவில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன். வாயால் சொல்லிப் புரியவைக்க வீட்டில் ஆள் இல்லை. லாரி எஞ்சினில் டர்போசார்ஜர் என்று நத்தை வடிவத்தில் ஓர் உறுப்பு உண்டு. ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். எஞ்சின் கக்கும் புகை டர்பைன் என்கிற ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடும். அது சுற்றுவதால் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் அனுப்பும். இப்போது லாரி எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு, அது இருந்த இடத்தில் நெருப்பு எரிகிற ஒரு குழாயை மட்டும் வைத்தால், டர்போ தன் காற்றைத் தானே உறிஞ்சித் தன் நெருப்பில் தானே சுற்றும். அதுதான் ஜெட் எஞ்சின். ஆரம்பத்தில் மட்டும் ப்ளோயரை டர்போவின் உள்வாயில் வைத்து ஊதிச் சுற்றிவிட வேண்டும். ப்ளோயரை எடுத்த பிறகும் சுற்றினால் எஞ்சின். நின்றுபோனால் அடுப்பு.

என்னிடம் இருப்பது இன்றைய தேதியில் அடுப்பு.

டர்போ உக்கடம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. தண்டில் ஆட்டம் இல்லை. இறக்கைகள் முழுசாக இருக்கின்றன. கார் ஷெட்டில் கார் இல்லாததால் இடம் இருக்கிறது. எரிபொருள் சமையல் கேஸ். சட்டப்படி தவறு என்று தெரியும். இந்த ஊரில் எத்தனை ஆட்டோ அதில் ஓடுகிறது என்றும் தெரியும்.

என் மனைவி பூங்கோதை பெங்களூரில் இருக்கிறாள். மகள் அகிலாவின் பிரசவத்துக்குப் போனாள். குழந்தைக்கு இப்போது ஏழு மாதம்.

ஜனவரி 13

கேஸ் வந்தது. கொண்டுவந்தவர் வழக்கமான மயில்சாமி. சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "ஓடிபி சொல்லுங்க சார்" என்றார்.

இணைப்பு பூங்கோதை பெயரில் இருக்கிறது. நாங்கள் இந்தக் கணபதி பகுதிக்குக் குடிவந்தபோது நான் கம்பெனி வேலையாக அகமதாபாத்தில் இருந்தேன், அவள்தான் போய் எழுதிக் கொடுத்தாள். அதனால் நம்பர் அவள் போனுக்குத்தான் போகும். அதைச் சொன்னால்தான் மயில்சாமி சிலிண்டரைக் கொடுக்க முடியும். அழைத்தேன்.

"கேஸ் வந்திருக்கு."

"அதுக்குள்ளயா? இருங்க, கண்ணாடி எடுத்துக்கறேன்." கொஞ்ச நேரம் ஏதோ உருண்டது. குழந்தையின் பொம்மையாக இருக்கலாம். "நாப்பத்தி ரெண்டு… பதினேழு. எழுதிக்கிட்டீங்களா?"

"ம்."

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்டீங்க?"

"சாப்பாடுதான்."

"பாப்பா தவழறா" என்றாள். மயில்சாமி காத்துக்கொண்டிருந்ததால் வைத்துவிட்டேன்.

ஜனவரி 19

ப்ளோயரை எடுத்ததும் நின்றது. மறுபடியும். மறுபடியும்.

ஜனவரி 26

பக்கத்து வீட்டு டி.வி.யில் டெல்லி அணிவகுப்பு. போர் விமானங்கள் பறந்தபோது மட்டும் ஷெட்டிலிருந்து வெளியே வந்து சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் சத்தம்தான், தேசபக்தி இல்லை.

பத்திரிகையின் தொழில் இணைப்பில், கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த நந்தகோபாலின் படம். கோட் போட்டிருக்கிறான். 'மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பம்ப்: ஒரு தமிழரின் சாதனை.' அந்தப் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இறக்கைக் கோணத்தை ஐந்து வருடம் வரைந்து திருத்தியவன் நான். அவன் செய்தது அதற்கு ஒரு பெயர் வைத்தது. டிசைன் பிரிவுக்கு அவனைத் தலைவனாக்கிய அன்று ராஜினாமா எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், கோபம் தெரியாமல், இரண்டு பக்கம். கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்று மாலையே ஏற்றுக்கொண்டதாக மூன்று வரியில் பதில் வந்தது. அதில் ஒரு எழுத்துப்பிழை.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் வீட்டில் பேசுவதில்லை என்று பூங்கோதை அகிலாவிடம் சொல்லியிருக்கிறாள். பேச என்ன இருக்கிறது?

பேப்பரை ஷெட்டுக்கு எடுத்துப்போய் எண்ணெய் துடைத்தேன். இணைப்பின் தாள் வழவழப்பு. சரியாக உறிஞ்சவில்லை.

பிப்ரவரி 2

புதுச் சிக்கல், ஆனால் சுவையான சிக்கல். கேஸை வேகமாக இழுத்தால் சிலிண்டருக்குள் திரவம் கொதித்துக் குளிர்ந்து, வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். எஞ்சின் வேகம் எடுக்கிற நேரம் பார்த்துக் கேஸ் சோர்ந்துவிடுகிறது. பித்தளை அண்டாவில் வெந்நீர் ஊற்றி சிலிண்டரை அதில் உட்கார வைத்தேன். கணபதியில் பிப்ரவரி வெயிலில் ஒரு கேஸ் சிலிண்டர் வெந்நீர்க் குளியல் எடுக்கிறது. பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாததால் நான் சிரிக்கவில்லை.

அழுத்தம் இறங்காமல் நின்றது. எஞ்சினும் நிற்கவில்லை என்று எழுத ஆசை. நின்றது.

பிப்ரவரி 11

ஓடியது.

எரிகுழாயில் துளைகள் போட்ட கணக்கு தப்பு. முன்பக்கம் காற்று அதிகம், பின்பக்கம் குறைவு. அதனால் நெருப்பு குழாய்க்குள் எரிந்து முடியாமல் டர்பைனைத் தாண்டி வெளியே வந்து எரிந்துகொண்டிருந்தது. முன்பக்கத் துளைகளில் பாதியை வெல்டு வைத்து அடைத்து, பின்பக்கம் பெரிதாகப் போட்டேன். ஆயில் பம்ப்பை ஓடவிட்டு, ப்ளோயரைப் பிடித்து, ஸ்பார்க் கொடுத்துக் கேஸைத் திறந்தேன். உறுமல் ஏறி விசிலாக மாறியது. ப்ளோயரை விலக்கினேன். விசில் இறங்கவில்லை. இன்னும் ஏறியது. உள்வாயில் கையைக் காட்டினால் சட்டைக் கையை இழுக்கிறது. கொய்யா மரத்தின் இலைகள் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன.

சிலிண்டர் சோரும்வரை ஓட்டினேன்.

நிறுத்திய பிறகு காதுக்குள் ஒரு அமைதி. கேட் வரைக்கும் நடந்து போனேன். தெருவில் ஒரு நாய், ஒரு இஸ்திரி வண்டி. இஸ்திரிக்காரர், "என்ன சார், போர் போடறீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் பெட்டியில் கரியைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

போனை எடுத்தேன். அழைக்க ஒன்றும் இல்லை. மாற்றுச் சிலிண்டர் முழுசாக நிரம்பியிருந்தது.

மாலையில் கேஸ் புக் செய்தேன். பாதி சிலிண்டரை நம்பி எஞ்சின் ஓட்டுவது முறையில்லை. உள்ளே திரவம் குறையக் குறையச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இது பௌதிகம்.

பிப்ரவரி 14

மயில்சாமி காலி சிலிண்டரைத் தூக்கியவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க சார், இதுல பாதிக்கு மேல இருக்குதுங்களே!"

"தெரியும். எடுத்துட்டுப் போங்க."

"மாசத்துக்கு ரெண்டு சிலிண்டர்னா மெஸ்ஸு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். இப்ப என்னடான்னா பாதியத் திருப்பிக் குடுக்கறீங்க. புரியலீங்க."

"பிரஷர் பத்தாது."

"எதுக்குப் பத்தாதுங்க, இட்லிக்கா?"

போனை எடுத்து அழைத்தேன். நம்பரைப் படித்தாள். "சாப்டீங்களா?" என்று கேட்டாள். "அது ஓடிருச்சு" என்றேன்.

"எது ஓடிருச்சு? யாருங்க?"

"எஞ்சின்."

"ஐயோ பாப்பா, அதை வாயில வைக்காத. அகிலா, இவளப் புடி. ம், சொல்லுங்க. எங்க ஓடிருச்சு?"

"ஒண்ணுமில்லை."

"நல்லாத்தான இருக்கீங்க?"

மயில்சாமி நான் வைக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "அம்மா எப்பங்க வர்றாங்க?" என்று கேட்டார். அவருக்கு அது எதற்கு?

பிப்ரவரி 23

நவநீதன் அழைத்தான். என் மாப்பிள்ளை. பெங்களூரில் விமான எஞ்சின் கம்பெனி ஒன்றில் வேலை, ஆனால் எஞ்சினைக் கம்ப்யூட்டர் திரைக்கு வெளியே பார்த்திருப்பானா என்பது சந்தேகம். கல்யாணம் ஆன புதிதில் நான் வரைந்துவைத்திருந்த டர்போ படத்தைப் பார்த்து, "இது ஜெட்டா, கேஸ் அடுப்பா மாமா?" என்று கேட்டான். அவன் அப்பா அம்மாவும் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள்.

"மாமா, அத்தை சொன்னாங்க. எஞ்சின் ஸ்டார்ட் ஆயிருச்சாமா? சூப்பர் மாமா."

சொன்னாளா? அவளுக்குப் புரிந்திருந்ததா?

"ஆனா கேஸ் வேண்டாம் மாமா. ஷெட்டுக்குள்ள சிலிண்டர வச்சுக்கிட்டு ரிஸ்க். டீசலுக்கு மாத்திருங்க. ரொம்ப நேரம் ஓடும், ஸ்டெடியா இருக்கும். டீசலத் தெளிக்கற நாசில் படம் ஒண்ணு அனுப்பறேன்."

"பார்க்கலாம்."

"அப்புறம் கேஸ் நம்பர் அத்தை போனுக்கு வருதுல்ல, அத நான் ஆன்லைன்லயே உங்க நம்பருக்கு மாத்திக் குடுத்தர்றேன். ரெண்டு நிமிஷ வேலை. ஒவ்வொரு தடவையும் அத்தைய கூப்பிட்டுட்டு இருக்க வேண்டாம் பாருங்க."

"வேண்டாம்."

"ஏன் மாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

படம் வந்தது. திறந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 24

பார்த்தேன். மோசமில்லை.

மார்ச் 3

நம்பரை மாற்றக்கூடாது என்பதற்கான காரணங்கள். இணைப்பு அவள் பெயரில், ஆதார் அவளுடையது, நம்பர் மட்டும் வேறு ஆளுடையது என்றால் ஏஜென்சியில் சந்தேகப்படுவார்கள். மானியம் வரும் வங்கிக் கணக்கும் அவளுடையது. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். தவிர, நாளைக்கு அவள் திரும்பி வந்ததும் மறுபடி பழையபடி மாற்றுவது இரட்டை வேலை.

டீசலுக்கு மாறக்கூடாது என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. டீசல் புகை. டீசல் நாற்றம். கேஸில் இன்னும் சோதிக்க வேண்டியவை நிறைய. உலகத்தில் இதைச் செய்யும் எல்லோரும் கேஸில் தொடங்கி டீசலுக்குப் போகிறார்கள் என்பது உண்மைதான். எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக ஒன்றைச் செய்பவன் நான் இல்லை.

மார்ச் 8

கேஸ். "அம்பத்தி ஒண்ணு, முப்பது." பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். காய்ச்சல் இருந்ததே எனக்குத் தெரியாது. பல் வருகிறதாம். மயில்சாமி சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எரிச்சலாக இருந்தது.

மார்ச் 16

பூங்கோதையே அழைத்தாள். கேஸ் புக் செய்யாத நாளில் அவள் பெயர் போனில் வந்ததும் என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. இங்க தமிழ்ச் சங்கத்துல புள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிடறாங்க. ஜூன்ல இருந்து. சரின்னுட்டேன்."

"சரி."

"இவங்க வீடு மாத்தறாங்க. கீழ் வீட்டையும் சேத்து எடுத்திருக்காங்க. எனக்கு, வந்தா உங்களுக்கும்னு. நான் அன்னைக்கே சொன்னேனில்லீங்க. நீங்கதான் மருமகன் வீட்டுல போய் உக்கார மாட்டேன்னுட்டீங்க."

சொன்னதையே திரும்பச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

"கீழ் வீட்டுக்குக் கேஸ் வேணும். புதுசா எடுக்க இங்க இழுத்தடிக்கறாங்க. எம் பேர்ல இருக்கற கனெக்‌ஷன இங்க மாத்திக்கறேன். சிலிண்டரு, ரெகுலேட்டர் எல்லாத்தையும் ஏஜென்சில திருப்பிக் குடுத்தீங்கன்னா அவங்க ஒரு பேப்பர் தருவாங்களாமா. நீங்க உங்க பேர்ல ஒண்ணு எடுத்துக்குங்க. உங்களுக்கும் நல்லதுதானுங்களே, எங்கிட்ட நம்பர் கேட்டுட்டு இருக்க வேண்டியதில்ல."

"சரி" என்றேன்.

"சரிதானுங்களா?"

"சரின்னேனே."

மார்ச் 17

ஆயில் பம்ப் வாஷர் மாற்றினேன்.

மார்ச் 24

ஏஜென்சிக்குப் போனேன். இணைப்பு யார் பெயரிலோ அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மேஜையில் இருந்த பெண். கடிதம் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். பொதுவாக இந்த மாதிரி விதிகளோடு மேனேஜர் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறவன் நான். இன்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பூங்கோதைக்குத் தகவல் சொன்னேன். "ஐயோ, அதுக்குன்னு நேர்ல வரணுமா?" என்றாள். பிறகு யாரிடமோ பேசிவிட்டு, "ஏப்ரல் பன்னெண்டு ஞாயித்துக்கிழமையா இருக்குது. பதிமூணு, திங்கக்கிழமை காலைல வர்றேன். சாயங்கால ட்ரெயினுக்குத் திரும்பிருவேன். பாப்பா விட்டுட்டு இருக்க மாட்டா" என்றாள்.

மார்ச் 26

டீசலுக்கு மாற்றுகிறேன். காரணம் வெளிப்படை: சிலிண்டர் போய்விடும். பதிமூன்றாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது தற்செயலாக வந்த கெடு.

ஏப்ரல் 2

நாசில் தயார். கடைசல் இயந்திரத்தில் நானே கடைந்தது. நவநீதன் அனுப்பிய படத்துக்கும் இதற்கும் ஒற்றுமை இருக்கிறது. நல்ல வடிவம் என்பது எல்லோரும் தனித்தனியாக வந்து சேரும் இடம்.

தொடங்குவதற்கு மட்டும் கையடக்க பியூட்டேன் டப்பா. சூடு ஏறியதும் டீசலைத் திறந்தால் பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் வெள்ளைப் புகை தெரு முழுக்க. டெங்குவுக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஏப்ரல் 7

புகை நின்றது. கேஸில் இருந்ததைவிடச் சீராக ஓடுகிறது. முன்பே மாற்றியிருக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும்.

ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் ஆயில் ஓட வேண்டும், ப்ளோயரால் காற்று ஊத வேண்டும், கை வைக்கும் சூட்டுக்கு வரும்வரை. இல்லாவிட்டால் டர்பைனில் தேங்கிய சூடு தண்டு வழியாகப் பேரிங்குக்குப் போய், அங்கே நிற்கும் ஆயில் கரியாகி, அடுத்த முறை தண்டு இறுகிவிடும்.

ஏப்ரல் 10

ஷெட்டைக் கழுவினேன். டீசல் புழங்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தக் கையோடு சமையலறை, குளியலறை, மாடிப்படி, முன் ஜன்னல்கள். திரைச்சீலைகளைத் துவைத்தேன், அதுவும் துணி என்பதால் எளிதில் தீப்பிடிக்கும். காபித்தூள் வாங்கினேன்.

ஏப்ரல் 13

வந்தாள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொன்னதால் போகவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒரே ஒரு சின்னப் பை. மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "இளைச்சுட்டீங்க" என்றாள்.

சமையலறைக்குப் போனவள் அடுப்பின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். ஜன்னலைத் துடைத்த நான் அடுப்பை விட்டிருக்கிறேன்.

"பத்த வச்சு மாசக்கணக்கு ஆகுமாட்டம் இருக்குது. மெஸ்ஸுதானுங்களா?"

"ம்."

"அப்ப இத்தன கேஸும்?"

"எஞ்சினுக்கு."

"அது தெரியும்" என்றாள்.

காபி அவளே போட்டாள். கடைசியாக ஒரு முறை அந்தச் சிலிண்டரில். பிறகு இரண்டு சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏஜென்சிக்குப் போனோம். வாசலில் மயில்சாமி வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பூங்கோதையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அம்மா! வந்துட்டீங்களா? நல்லதுங்க. இனி சார் சரியாயிருவாரு. பாதி சிலிண்டரு இருக்கறப்பவே புக் பண்ணிப் போடறாருங்க. ஒரு தடவ முக்கால்வாசி இருந்துச்சு, நாந்தான் ஒண்ணுஞ் சொல்லல. உங்ககிட்ட நம்பர் கேட்டு வாங்கறப்ப மட்டுந்தானுங்க வாயத் தொறக்கறாரு."

"மயில்சாமி, வேலையப் பாருங்க" என்றேன்.

பூங்கோதை கையெழுத்துப் போட்டாள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சிலிண்டர்கள் இல்லாமல் நிறைய இடம் இருந்தது. சத்தி ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றது.

"பாதி இருக்கறப்பவே எதுக்குங்க புக் பண்ணுனீங்க?"

"பிரஷர் பத்தாது."

"ஓ" என்றாள். "பிரஷருங்களா."

மதியம் சாப்பிட்டதும், "காட்டுங்க உங்க மிஷின" என்று அவளாகவே ஷெட்டுக்கு வந்தாள். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு கொய்யா மரத்தடியில் நின்றாள். ஆயில், ப்ளோயர், ஸ்பார்க், பியூட்டேன், டீசல். ஒன்றுகூடப் பிசகவில்லை. ப்ளோயரை விலக்கியதும் தன்னால் எழும்பிப் போனது. இதுவரை இவ்வளவு நன்றாக ஓடியதில்லை. வெளிக்குழாய் மங்கிய சிவப்பில் பழுத்தது, அதற்குப் பின்னால் சுவர் தண்ணீரில் தெரிவதுபோல் நெளிந்தது. அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். எனக்கு அது நிச்சயம்.

பிறகு காதிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து என்னவோ சொன்னாள். கேட்கவில்லை. இன்னும் கிட்ட வந்து மறுபடி சொன்னாள். கையைக் காட்டி, இரு என்றேன். அழுத்தமானியைக் காட்டினேன். இதற்குமுன் தொடாத இடத்தில் முள் நின்றிருந்தது. அவள் முள்ளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டேங்கில் இருந்த டீசல் தீரும்வரை ஓட்டினேன். பிறகு குளிர வைக்க வேண்டும், அதை விட்டுவிட்டுப் போக முடியாது. கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு உள்ளே போனேன். பையை மூடி நாற்காலி மேல் வைத்திருந்தாள்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஏதோ சொன்னியே."

"நல்லா ஓடுதுன்னு சொன்னேன். ஆட்டோவுக்கு போன் பண்ணிட்டேன், வந்துரும்."

ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று கேட்டேன். எண்ணெய்க் கையோடு வர வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 14

பேரிங்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. குளிர வைத்தது சரியான முடிவு.

ஏப்ரல் 18

மின்சார அடுப்பு வாங்கினேன். வெந்நீர் போட மட்டும். என் பெயரில் கேஸ் எடுக்கவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.

நல்லா ஓடுது என்று சொல்ல ஒருத்தி இரண்டு தடவை கிட்டே வருவாளா? முதல் தடவை கொஞ்சம் நீளமாகச் சொன்னாள். இரண்டாவது தடவை ஒரே ஒரு வார்த்தை. நான் கையைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். நல்லா ஓடுது என்பதற்கு அந்த முகம் இல்லை.

ஏப்ரல் 21

ஓட்டவில்லை. ஆயில் பம்ப்பை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 23

பால் வாங்கப் போன இடத்தில் மயில்சாமி. வண்டியை நிறுத்தி, "சார், அம்மா ஊருக்குப் போயிட்டாங்களாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் அன்னைக்கு வாய வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாமுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் யாரோ ஹார்ன் அடித்ததால் போய்விட்டார்.

கோபப்படலாம் என்று பார்த்தேன். நந்தகோபால் மீது, கம்பெனி மீது, நவநீதன் மீது வருகிற மாதிரி வரவில்லை.

ஏப்ரல் 26

காலையில் போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போனேன். என்ன சொல்லித் தொடங்குவது? மின்கட்டணம் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் வரி கட்டியாகிவிட்டது. வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு குழாய்கூட ஒழுகவில்லை.

பிற்பகலில் ஷெட்டில் உட்கார்ந்து அழைத்தேன்.

"ஏனுங்க, என்னாச்சு? ஏஜென்சில ஏதாச்சும் கேக்கறாங்களா?"

"இல்லை."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லை. சும்மாதான்."

வைத்துவிட்டாளா என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"சும்மாவா?" என்றாள். "உடம்புக்கு முடியலீங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு ஷெட்டுல என்ன சொன்னே?"

"இப்ப எதுக்குங்க அது?"

"தெரியணும்."

பின்னால் ஏதோ கதவு சாத்தும் சத்தம். தனியாக வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாதி சிலிண்டரத் திருப்பிக் குடுத்தது எதுக்குன்னு எனக்குத் தெரியாதாங்க? நம்பரப் படிக்கறப்ப நானும் மெதுவாத்தான படிச்சேன். அன்னைக்கு அந்த மிஷின் ஓடறப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். எத்தன வருஷமாச்சு அப்படிப் பாத்து. அதான் வாயில வந்துருச்சு. எங்கூட வந்துருங்கன்னு சொன்னேன். வர்றீங்களான்னு மறுக்காவும் கேட்டேன். நீங்க கையக் காட்டுனீங்க."

"சத்தத்துல கேக்கலை."

"நிறுத்தியிருக்கலாமில்லீங்க."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நிறுத்திவிட்டுக் குளிர வைக்காமல் வந்தால் பேரிங்கில் ஆயில் கரியாகிவிடும் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. சொல்லவில்லை.

"இப்பக் கேளு" என்றேன்.

"நான் ரெண்டு தடவ கேட்டாச்சுங்க. இனி கேக்கறதுன்னா நீங்க கேளுங்க."

எதைக் கேட்பது, யார் வீட்டில் போய் இருப்பது, காலையில் எழுந்து யார் முகத்தில் விழிப்பது என்று எல்லாம் ஓடியது. ஷெட்டில் சுவரோடு அந்த டர்போ உட்கார்ந்திருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"நான் அங்கே வரட்டுமா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளியாகக்கூட இருக்கலாம், பெங்களூர் அப்படிப்பட்ட ஊர்.

"எப்பங்க?" என்றாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் அப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. வரவா என்று கேட்டால், அப்புறம் பார்க்கலாம் என்பாள், வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"பார்த்துச் சொல்றேன்."

"பாத்தே சொல்லுங்க. நான் போன வைக்கல."

காலண்டர் ஹாலில் இருந்தது. போனைக் காதோடு பிடித்தபடி எழுந்து போனேன்.